கப்பலுக்கு ராகுகாலம் உண்டா?

வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துக் குடியானவர் குடும்பமொன்று முதன்முதலாக உல்லாசக் கப்பலேறப் போவதென்றால், முதலில் தேடுவது எதை? பஞ்சாங்கத்தைத்தான்! ராகுகாலம், சூலம் பார்த்து, பிள்ளைகளுக்குக் கயிறு மந்திரித்துக் கட்டி, தட்சணை அழுத பிறகே மூட்டை கட்டுவார்கள்.

கடல் கடப்பதே பாவமென்கிறது போதாயன தர்ம சூத்திரம். 1853-இல் ‘ஒரேலி’ என்ற கப்பல் பிரெஞ்சிந்தியாவிலிருந்து நம் ஏழை மக்களை மார்த்தினிக் தீவின் கரும்புத் தோட்டக் கூலிகளாக ஏற்றிச் சென்றபோது, அந்தச் சாஸ்திரம் குறுக்கே நின்று தடுத்ததா என்று கேட்கின்றோம். பட்டினி கிடந்தவனுக்குச் சோறு போடாத சாஸ்திரம், சீமை சென்று மீண்டவனிடம் பிராயச்சித்தப் பணம் கேட்க மாத்திரம் ஓடி வந்தது!

நிற்க, 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் ஓடத் தொடங்கிற்று. அவ்வளவு பெரிய இரும்பு ஏன் மூழ்கவில்லை? தன் எடைக்குச் சமமான நீரை விலக்குவதால் மிதக்கிறதேயன்றி, தேங்காய் உடைத்ததாலல்ல. மாலுமி காற்றையும், ஆழத்தையும், இயந்திரத்தையும் பார்க்கிறான். நட்சத்திரத்தைப் பார்த்தாலும் அது திசையறியவே, யோகமறிய அல்ல. உங்கள் ராகுகாலத்திற்காகக் கப்பல் காத்திருக்கவும் மாட்டாது.

ஆகவே தோழர்களே! பெண்டு பிள்ளைகளோடு தாராளமாய்க் கப்பலேறுங்கள். ஏறியதும் உயிர்காக்கும் மிதவைச் சட்டை எங்கேயென்று கேட்டு, அணியப் பழகுங்கள். ஆபத்தில் மிதக்க வைப்பது அதுவேயொழிய, மந்திரித்த கயிறல்ல.