அவள் ஏன் போனாள்?

இராமநாதபுரத்திலிருந்து உத்தரகோசமங்கை செல்லும் மாலைப் பேருந்தில், சீருடை அணிந்த மாணவியர் இருவர் என் முன்னிருக்கையில் அமர்ந்து வாதிட்டுக்கொண்டு வந்தனர். “அவ ஏன்டி அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போனா?” என்றாள் ஒருத்தி. “சொல்லியிருந்தா அவன் போக விட்டிருப்பானா?” என்றாள் மற்றவள். யாரோ ஒரு பெண் வீட்டை விட்டுப் போய்விட்டாள் போலும் என்று நான் கவலை கொண்டேன். நெடுநேரம் கழித்தே அது கொரிய நாட்டுத் தொடர் ஒன்றின் கதை என்பது விளங்கிற்று. கோவில் நிறுத்தம் வந்தும் வழக்கு முடியவில்லை. இறங்கி நடந்துகொண்டே இருவரும் அந்தப் பெண்ணின் மனத்தை ஆராய்ந்தனர்.

“பாடத்தை விட்டுவிட்டு இதென்ன வீண் பேச்சு?” என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. தொடர்களுக்குச் செலவாகும் நேரம் மிகுதி என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் பார்த்ததைப் பற்றிப் பேசுவது வீண் என்று என்னால் ஒப்ப முடியவில்லை. ஒருவர் ஒரு செயலைச் செய்தார், ஏன் செய்தார்? இந்த வினாவை எழுப்பி, சான்று காட்டி, மறுப்புக் கேட்டு, மீண்டும் எண்ணிப் பார்ப்பது கடினமான பயிற்சி. அம்மாணவியர் அதைத்தான் செய்துகொண்டிருந்தனர். அவர்கள் பேச்சு எனக்கு என் சிறுவயதில் கேட்ட வேறொரு வழக்கை நினைவூட்டியது.

அயல்நாட்டுத் தொடர்களைப் பார்த்துக் குழம்புவது இந்தக் கரைக்குப் புதிதன்று. இலங்கையின் ரூபவாகினி 1982 பிப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கியது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். சென்னையின் ஒளிபரப்பு எட்டாத அந்நாளில், இரும்புக் குழாயின் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டித் தென்கிழக்கே திருப்பினால் இலங்கைப் படம் தெரிந்தது. பின்னாளில் இராமேசுவரத்தில் 323 மீட்டர் உயரத்தில் தூரதர்ஷன் கோபுரம் எழுந்தது வேறு கதை. எங்கள் தெருவில் தொலைக்காட்சிப் பெட்டி ஒரே வீட்டில் இருந்தது. அந்த வீட்டுத் திண்ணையில்தான் என் பெரியம்மாவும் அம்மாவும் ‘ஓஷின்’ பார்த்தார்கள்.

ஓஷின் ஜப்பானியத் தொடர். சுகாகோ ஹஷிடா என்னும் பெண் எழுத்தாளர் எழுதியது, என்.எச்.கே. நிறுவனம் 1983 ஏப்ரல் முதல் 1984 மார்ச் வரை, பதினைந்து நிமிடப் பகுதிகளாக, 297 பகுதிகள் ஒளிபரப்பியது. ஜப்பானில் அதன் சராசரிப் பார்வையாளர் அளவு 52.6 விழுக்காடு. பின்னர் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சென்ற அத்தொடர் இலங்கைக்கும் வந்தது. அதன் முதல் பகுதியே ஒரு வினாவோடு தொடங்குகிறது. குடும்பத்தின் புதிய பேரங்காடி திறக்கப்படும் நாளன்று, அக்குடும்பத்தின் தலைவியான மூதாட்டி ஓஷின் யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். ஏன் போனாள்? அதற்கு விடையாக விரிவதுதான் முழுத் தொடரும்.

கதை 1907ஆம் ஆண்டுக்குப் பின்னோக்கிச் செல்கிறது. யமகதா பகுதியின் ஏழைக் குத்தகை உழவர் வீடு; விளைச்சல் இல்லை. ஏழு வயது ஓஷினை ஒரு மூட்டை அரிசிக்கு ஈடாக ஓராண்டு வேலைக்கு அனுப்பத் தந்தை முடிவு செய்கிறார். சிறுமி முதலில் மறுக்கிறாள். கருவுற்றிருக்கும் தாய், இன்னொரு வாயைத் தாங்க வழியின்றி, உறைபனிக் குளிரில் ஆற்றுநீரில் இறங்கி நிற்பதைக் கண்ட பிறகே போக இசைகிறாள். மொகாமி ஆற்றில் தெப்பம் நகரும்போது தந்தையும் கலங்கிப்போகிறார்.

திண்ணையில் இருந்தோருக்கு வசனம் ஒன்றும் விளங்காது. கொழும்பில் நெடுங்காலம் கடை நடத்தித் திரும்பிய முதியவர் ஒருவர் நடுவில் அமர்ந்து விளக்கம் சொல்வார். அவர் சொன்னதில் தொடர் எவ்வளவு, அவருடைய கற்பனை எவ்வளவு என்பதை எவரும் அறியார். காட்சியில் ஒருவர் நெடுநேரம் பேசுவார். முதியவர் இரண்டு சொற்களில் முடித்துவிடுவார். ஒருவர் ஒரு சொல் சொல்வார். முதியவர் அரை நிமிடம் உரைப்பார். எனினும் தந்தையின் செயலைப் பற்றிய வழக்கு அன்றே எழுந்துவிட்டது.

“பெத்த பிள்ளையை ஒரு மூட்டை அரிசிக்கா அனுப்புவான், அக்கா?” என்று என் அம்மா கொதித்தார்.

“அவனை ஏசாத. வீட்டுல இருந்தா எல்லாருஞ் சேந்து பட்டினி. போற எடத்துலயாவது பிள்ளைக்குக் கஞ்சி கெடைக்கும்ல” என்றார் பெரியம்மா.

இது வெறும் தொடர்ப்பேச்சு அன்று என்பது எனக்குப் பல்லாண்டு கழித்தே தெரிந்தது. எங்கள் மாவட்டம் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல். இல்லையேல் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவது. மழை பொய்த்த ஓராண்டில், பெரியம்மா சிறுமியாய் இருந்தபோது, தாத்தா அவரைத் தொலைவில் ஓர் உறவினர் வீட்டு வேலைக்கு அனுப்பியிருந்தார். அம்மா அப்போது கைக்குழந்தை. ஆகவே, ஜப்பானியத் தந்தையைக் குறித்து அக்காவும் தங்கையும் வாதிட்டபோது உண்மையில் தம் தந்தையைக் குறித்தே வாதிட்டனர். நேருக்கு நேராக அதைப் பேசும் துணிவு இருவருக்கும் இல்லை. தொடர் அவர்களுக்கு இடையில் ஒரு மேடை அமைத்துத் தந்தது.

இந்த வழக்கில் யார் பக்கம் நியாயம்? அம்மாவின் பக்கமும் நியாயம் உண்டு என்றே நான் எண்ணுகிறேன். வறுமை தந்தையின் செயலுக்குக் காரணம் சொல்லும். சிறுமி இழந்த பள்ளிப் பருவத்தை அது திருப்பித் தராது. ஒரு செயலின் காரணத்தை அறிவது வேறு. அச்செயலைச் சரியென்று ஏற்பது வேறு. கதைமாந்தரைப் பற்றிப் பேசும்போது இவ்விரண்டையும் நாம் அடிக்கடி கலந்துவிடுகிறோம். “அவன் நிலை அப்படி” என்றவுடன் அவனை விடுதலை செய்துவிட்டதாக எதிர்த்தரப்பு சினங்கொள்கிறது.

நம் வாழ்வை அளவுகோலாக்கினால் எல்லாக் கதைமாந்தரும் விளங்கிவிடுவார்களா? மாட்டார்கள். அதே தொடரில் ஓஷினின் மாமியார் செய்யும் கொடுமை எங்கள் திண்ணைக்கு ஒரு நொடியில் விளங்கியது; முதியவரின் உதவியே தேவைப்படவில்லை. ஆனால் போர் முடிந்ததும் கணவர் ரியூசோ தம் உயிரை மாய்த்துக்கொள்வது எவருக்கும் விளங்கவில்லை. கடன் தொல்லை என்றார் ஒருவர். மூத்த மகன் போரில் இறந்த துயரம் என்றார் மற்றொருவர். அவர் இராணுவத்துக்குப் பொருள் வழங்கி வளர்ந்தவர்; ஊர் இளைஞரைப் போருக்குச் செல்ல ஊக்கியவர்; 1945இல் நாடு தோற்றபோது, சென்று மடிந்தோரின் சாவுக்குத் தாமும் பொறுப்பு எனக் கருதியவர். அதை உணர வேண்டுமாயின் ஜப்பானின் போர்க்கால வரலாறு தெரிந்திருக்க வேண்டும். அனுபவம் வாயில் வரை அழைத்துச் செல்லும். சில வீடுகளுக்குள் நுழையப் படிப்பும் வேண்டும்.

மொழியும் குழப்பும். 2013இல் தொடங்கப்பட்ட புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழில் மொழிமாற்றி ஒளிபரப்பியது; இன்று கைபேசியிலேயே அவை கிடைக்கின்றன. கொரிய மொழியில் ஒரு பெண் தன்னைவிட மூத்த ஆணை ‘ஓப்பா’ என்பாள். உடன்பிறந்த அண்ணனும் ஓப்பாதான். மனம் விரும்பும் காதலனும் ஓப்பாதான். இதைத் தமிழில் ‘அண்ணா’ என்று மாற்றினால் என்ன ஆகும்? நம் வழக்கில் அண்ணா என்று அழைத்த நொடியே திருமணப் பேச்சுக்குக் கதவு அடைபட்டுவிடும். மச்சான், அத்தான் என்பவை அக்கதவைத் திறந்து வைக்கும் சொற்கள். முதற்பகுதியில் அண்ணா என்றவனை ஆறாம் பகுதியில் அவள் காதலிப்பதைக் கண்டு நம் பாட்டிமார் திகைப்பதில் வியப்பில்லை. பெயரிட்டு அழைப்பதாக மாற்றிவிட்டாலும் தொல்லைதான். ‘ஓப்பா’ என அழைக்கத் தொடங்கும் நாளில்தான் அவள் மனம் நெருங்கியது என்னும் குறிப்பு அழிந்துபோகும். கொரியரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரின் குடும்பப் பெயர் கிம் என்பதை அறியாமல், கிம் எனப் பெயர் கொண்டோர் அனைவரையும் பங்காளிகள் என்று கருதிக் குடும்ப மரம் வரைந்தவர்களையும் நான் அறிவேன்!

இத்தகைய வழக்காடல் நம் மரபுக்கு உரியதே. சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ இந்தப் பகுதிக் கோவில் விழாக்களில் விடிய விடிய நடக்கும். அதில் நாரதருக்கும் வள்ளிக்கும் இடையே நிகழும் தர்க்கத்துக்காகவே காத்திருக்கும் கூட்டம் உண்டு. மேடையில் வினா எழும்போது தரையில் அமர்ந்திருப்போர் கட்சி பிரிந்துவிடுவர். சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் நிறுவிய கம்பன் கழகம் காப்பிய மாந்தரை மன்றத்தில் நிறுத்தி வழக்காடுவதைப் பெருங்கலையாக வளர்த்தது. மறைந்து நின்று வாலி மேல் அம்பெய்தது அறமா என்பது இன்றும் தீராத வழக்கு. உத்தரகோசமங்கைக்கோ தனக்கே உரிய ஒரு வழக்கு உண்டு. மண்டோதரியின் திருமணம் இவ்வூரில் நடந்தது என்பது தலமரபு. கணவனின் செயல் அறமன்று எனத் தெரிந்தும் அவள் ஏன் அவனோடு இருந்தாள்? அன்பா, கடமையா, வேறு போக்கிடம் இன்மையா? எங்கள் ஊர்ப் பெண்கள் இதைப் பேசக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொருவர் விடையிலும் அவரவர் வீடு சற்றே தெரியும்.

எல்லாக் குழப்பத்துக்கும் ஆழ்ந்த பொருள் தேட வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில குழப்பங்கள் எழுதியவரின் பிழை. ஒளிபரப்பு நாள் நெருங்க நெருங்க உரையாடலை எழுதி உடனே படமாக்கும் வழக்கம் கொரியாவில் நெடுங்காலம் இருந்தது. பார்வையாளர் விருப்பத்திற்கேற்ப ஒருவன் நல்லவனாகி விடுவான், இறக்க வேண்டியவள் பிழைத்துக்கொள்வாள். நம் தொடர்களில் ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு வரி ஓடியதும் கணவரின் முகமே மாறிவிடுகிறது. மனைவியோ சிறிதும் திகைப்பதில்லை. இங்கெல்லாம் கதைமாந்தரின் உள்நோக்கத்தை ஆராய்வது கானல்நீரில் வலை வீசுவதாகும். குழப்பம் கதையுடையதா, மொழிமாற்றத்தினுடையதா, நம்முடையதா எனப் பிரித்தறிவதே முதல் வேலை.

கதை வேண்டுமென்றே நம்மைக் காத்திருக்க வைக்கும் இடங்கள் உண்டு. 2003-04இல் கொரியாவில் 54 பகுதிகளாக வந்த ‘டே ஜாங் கியூம்’ தொடரில் அரண்மனைச் சமையற்கூடப் பணிப்பெண் ஜாங் கியூமுக்குப் போட்டியாக கியூம் யங் என்னும் பெண் வருகிறாள். தொடக்கத்திலேயே அவளைத் தீயவள் என்று முடிவு கட்டியவர்கள் பலர். ஆனால் அவள் கைத்திறன் மிக்கவள். போட்டியில் நேர்மையாக வெல்ல விரும்பியவள். அதிகாரம் மிக்க அவள் குடும்பம் தன் சூழ்ச்சிக்கு அவளைக் கருவியாக்குகிறது. அவள் ஒவ்வொரு படியாக இறங்குகிறாள், ஒவ்வொரு படியிலும் திரும்பிச் செல்ல ஒரு வாய்ப்பு இருக்கிறது, அவள் திரும்பவில்லை. முதற்பகுதியில் தீர்ப்பு எழுதியவர் இந்த இறக்கத்தைக் காண மாட்டார். அவருக்கு அவள் என்றும் ஒரே முகம் கொண்டவள். அண்டை வீட்டாரையும் உடன் பயில்வோரையும் நாம் இவ்வாறே முதற்பகுதியில் முடித்துவிடுகிறோம். திடீரெனப் பள்ளிக்கு வராமல் நின்றுவிட்ட மாணவியைப் பற்றி வகுப்பில் எழும் பேச்சை எண்ணிப் பாருங்கள். அவள் ஏன் போனாள் என்று கேட்பவர் சிலர். கேளாமலே விடை சொல்பவர் பலர்.

எங்கள் திண்ணை ஓஷினின் முடிவைக் காணவில்லை. ஐப்பசிக் காற்றில் ஆன்டெனாக் குழாய் சாய்ந்தது. நிமிர்த்தி வைப்பதற்குள் தொடர் முடிந்துபோயிற்று. அண்மையில் நான் அத்தொடரின் கதையைத் தேடிப் படித்து அம்மாவிடம் சென்றேன். பெரியம்மா மறைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. “அந்தக் கெழவி ஏன் வீட்ட விட்டுப் போனான்னு தெரிஞ்சுச்சா?” என்று அம்மாவே கேட்டார். தன் மகன் திறக்கும் புதிய கடை, முன்பு தனக்கு உதவியவரின் குடும்பக் கடையை நசுக்கிவிடும் என்பதைப் பொறுக்காமல், தான் எங்கே தவறினோம் எனத் தேடிப் பழைய இடங்களுக்குப் போனாள் என்றேன். அம்மா சற்றுநேரம் பேசவில்லை.

“அப்ப அப்பன் வீட்டுக்குத்தான் மொதல்ல போயிருப்பா” என்றார். பிறகு, “அக்கா அதத்தான் அன்னைக்கே சொன்னா” என்றார்.

பெரியம்மா அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆனால் நான் மறுக்கவில்லை.