இடது கைக்கு ஏன் இந்த ஓரவஞ்சனை?

1/ ஒண்டிக்கடையில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுறவங்களுக்கு, ஒரு டாக்டரா சொல்றேன்: இரட்டை ஆயுத விதி அநியாயம்.

2/ 2014 விதிப்படி, இடது கை வெட்டு போனஸ் ஆக்‌ஷனை விழுங்கிடும். ரேஞ்சர் ஹன்டர்ஸ் மார்க் போட்டா, அந்தச் சுற்றில் இடது கை சும்மாதான்.

3/ "இடது கை பலவீனம்தானே?" பழகாத கைதாங்க பலவீனம். சிலம்பத்துல இரட்டைக் கம்பு சுத்துறவங்களைப் பாருங்க.

4/ 2024 புத்தகம் 'நிக்' கொண்டுவந்து திருத்துச்சு. ஆனா அது குறுவாள், கதிரறுவாள்னு நாலே ஆயுதத்துக்கு.

5/ என் விதி: எந்த இலகு ஆயுதமானாலும் இரண்டாவது வெட்டு தாக்குதலோடவே சேர்த்தி, சுற்றுக்கு ஒண்ணு. கூடுதல் சேதம் அந்தப் போர்முறை கத்துக்கிட்டவருக்கு மட்டும்.

6/ "பெரிய வாள்காரன் பாவம்"னு அழாதீங்க. அஞ்சாம் லெவல் ஃபைட்டருக்கு அவன் வாள் நாலு பகடை; குறுவாள் ரெண்டு பிடிச்சவனுக்கு மூணுதான். ஆசையா ரெண்டு கத்தி எடுக்கிற புதுப் பையனை விதியாலேயே விரட்டாதீங்க.