டேட்டாபேஸ் கேள்விக்கு இணைய நிரலாக்க வகுப்பில் இடம் உண்டு

பாலசமுத்திரத்தில் இணைய நிரலாக்கம் கற்பவர்களும் கற்றுத்தருபவர்களுமாகக் கூடியிருக்கும் எங்கள் குழுவில் இந்தப் பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது. பிஎச்பி வகுப்பில் ஒருவர் எழுந்து டேட்டாபேஸ் பற்றிக் கேட்டால் பதில் சொல்வதா, இந்த வகுப்புக்கு அது சம்பந்தமில்லை என்று உட்காரவைப்பதா? பதில் சொல்வது என்று முடிவெடுத்திருக்கிறோம். பழனியிலும் திண்டுக்கல்லிலும் இதே பாடம் நடத்துகிறவர்களும் இதைப் பரிசீலிக்க வேண்டும் என்பதற்காகக் காரணங்களோடு வெளியிடுகிறோம்.

பிஎச்பி, மைஎஸ்கியூஎல் இரண்டுமே 1995இல் வெளிவந்தவை. அன்றிலிருந்து இணையதளம் செய்யக் கற்கிறவர் இரண்டையும் சேர்த்தே கற்கிறார். எக்ஸாம்ப் தொகுப்பை நிறுவினால் பிஎச்பியோடு மைஎஸ்கியூஎல்லின் கிளையான மரியாடிபியும் கணினியில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. புத்தகங்கள் மட்டும் தனித்தனி. கணியம் வழியாக வந்த து. நித்யாவின் 'எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்' போன்ற நூல்களை எங்கள் மாணவர்களுக்கு மனதாரப் பரிந்துரைக்கிறோம். ஆனால் திரையில் எரர் வரும்போது எந்தப் புத்தகத்தைத் திறப்பது என்பதே புதியவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பாதிப் பிரச்சினையை அவரே தீர்த்திருப்பார்.

'மைஎஸ்கியூஎல்_கனெக்ட் என்ற ஃபங்ஷன் இல்லை' என்று எரர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெயரைப் பார்த்தால் டேட்டாபேஸ் கேள்வி. உண்மையில் அது முழுக்க பிஎச்பி விவகாரம். 2013இல் வந்த 5.5 பதிப்பு அந்தப் பழைய ஃபங்ஷன்களைக் கைவிடச் சொன்னது; 2015 டிசம்பரில் வந்த 7.0 அவற்றை அடியோடு நீக்கிவிட்டது. பழைய நோட்ஸை நம்பிப் படிக்கிறவர் அங்கேதான் மாட்டுகிறார். இதற்கு நேர்மாறாக, ஆயக்குடி கொய்யாச் சந்தைக்குக் கொள்முதல் கணக்குப் பக்கம் ஒன்றைப் பயிற்சிக்காகச் செய்கிறவர் 'பக்கம் திறக்க நேரமாகிறது' என்று கேட்பார். இணையப் பக்கத்தைப் பற்றிய கேள்விபோலத் தெரியும். தேடிப் பார்த்தால் டேபிளில் இண்டெக்ஸ் போடாததுதான் காரணமாக இருக்கும்.

தமிழ் எழுத்து உள்ளே வந்துவிட்டால் எல்லை இன்னும் மங்குகிறது. மீனாட்சிசுந்தரம் என்ற பெயரை நாம் ஒன்பது எழுத்தாக எண்ணுகிறோம். யூனிகோடில் அது 16 குறிகள், யுடிஎஃப்-8இல் 48 பைட்டுகள். பிஎச்பியின் 'எஸ்டிஆர்லென்' 48 என்கிறது; 'எம்பி_எஸ்டிஆர்லென்' 16 என்கிறது; மைஎஸ்கியூஎல்லிலும் 'லெங்த்' 48, 'கேர்_லெங்த்' 16. ஒன்பதுதானே என்று நினைத்து டேபிளில் பத்து இடம் ஒதுக்கியவருக்குப் பெயர் பாதியில் வெட்டுப்படும், அல்லது சேமிக்கவே முடியாது. இது எந்த வகுப்பின் கேள்வி? இணைப்பில் எழுத்துக்குறியாக்கத்தைச் சொல்லாமல் விட்டால் பெயருக்குப் பதிலாகக் கேள்விக்குறிகள் வரிசைகட்டி நிற்கின்றன. அகரவரிசைப்படுத்தும்போது பிஎச்பியின் சாதாரண 'சார்ட்' 'ன'வை 'ந'வுக்கு அடுத்தும் 'ற'வை 'ர'வுக்கு அடுத்தும் வைக்கிறது, ஏனென்றால் யூனிகோடின் குறியெண் வரிசை அப்படி. காணி, மா போன்ற பழைய பின்னக் குறிகள் 2019இல் யூனிகோட் 12.0இல் சேர்ந்தன. அவை நான்கு பைட்டு குறிகள்; மைஎஸ்கியூஎல்லின் மூன்று பைட்டு 'யுடிஎஃப்8' அவற்றை ஏற்காது, 'யுடிஎஃப்8எம்பி4' வேண்டும். தமிழில் தளம் செய்ய வருகிற எல்லாரும் இவற்றில் ஒன்றிலாவது முட்டிக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்களைத் திருப்பி அனுப்புவது அநியாயம் என்றே கருதுகிறோம்.

ஆகவே, கேள்வி எந்தப் பக்கம் சேர்ந்தது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு பதில் சொல்பவருடையது. வழி எளிது. அதே குவெரியை பிஎச்பிமைஅட்மினில் தனியாக ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயும் எரர் வந்தால் டேட்டாபேஸைப் பாருங்கள்; அங்கே சரியாக வந்தால் கோடைப் பாருங்கள். இதைக் கேட்டவர் கையாலேயே செய்யவைத்தால் அடுத்த முறை அவரே பிரித்துக்கொள்வார். 'கூகுளில் தேடு' என்பது எங்கள் வகுப்பில் பதிலாகாது. தேடத் தெரியாதவரிடம் என்ன சொல்லைப் போட்டுத் தேடுவது என்று சொல்லுங்கள், அது பதில்.

கேட்பவருக்கும் கடமை உண்டு. 'ஒர்க் ஆகல சார்' என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது. எரர் செய்தியை எழுத்து மாறாமல் கொண்டுவாருங்கள். டேபிளின் அமைப்பையும், சிக்கல் உள்ள சில வரிகளையும் காட்டுங்கள். முழு பிராஜெக்டையும் கொட்டாதீர்கள். முக்கியமாக, உண்மையான ஆட்களின் பெயர், செல்போன் எண், ஆதார் எண் உள்ள டேபிளைக் காட்டாதீர்கள். தனிநபர் தரவுக்கென 2023இல் சட்டமே வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும், கடைக்காரர் நம்பிக் கொடுத்த வாடிக்கையாளர் பட்டியலை வகுப்புத் திரையில் போடுவது தவறு. மாதிரிப் பெயர்கள் நாலைந்து போதும்.

ஒன்றில் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். படிவத்தில் வந்த சொல்லை அப்படியே குவெரியில் ஒட்டியிருக்கும் கோடைக் கண்டால், மாணவர் வேறு எதைக் கேட்டிருந்தாலும் எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் அபாயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பிஎச்பி 5.1லிருந்தே, அதாவது 2005 முதல், பிடிஓவின் 'பிரிப்பேர்' வசதி கூடவே வருகிறது. அதற்கு மாற்றி எழுதிக் காட்டுங்கள். அன்றைய பாடம் பாதியில் நின்றாலும் பரவாயில்லை. அதே கோடு நாளை ஒரு பள்ளியின் மதிப்பெண் பக்கத்துக்கோ மருந்துக் கடையின் பில்லுக்கோ போகும்.

எங்கள் வகுப்பில் எடுக்க முடியாத கேள்விகளும் உண்டு: சர்வர்களுக்கிடையே ரெப்ளிகேஷன், ஆரக்கிள் உரிமக் கட்டணம், பெரிய அளவிலான பேக்கப் போன்றவை. அவற்றுக்கு எங்களிடம் அனுபவமும் இல்லை. அப்படிப்பட்ட கேள்வி வந்தால், யாரிடம் எங்கே கேட்பது என்று சொல்வதோடு நிறுத்தாமல், கேள்வியை ஆங்கிலத்தில் எழுதவும் உடன் உட்கார்ந்து உதவ வேண்டும். அந்த அதிகாரபூர்வ உதவிப் பக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. தமிழ்வழியில் படித்து வருகிற எங்கள் பிள்ளைகள் தயங்கி நிற்பது அந்த வாசலில்தான்.