குடும்பம் என்ற கட்டத்தில் யார் பெயர்?

கவரைப்பேட்டையிலோ கும்மிடிப்பூண்டியிலோ ரூம் தேடி அலைஞ்சவங்களுக்கு ஒரு விஷயம் நல்லாத் தெரியும். ரெண்டு பசங்க சேர்ந்து போய்க் கேட்டா ஹவுஸ் ஓனர் அட்வான்ஸ் எவ்வளவுன்னு மட்டும்தான் பேசுவார். சிப்காட்டில் வேலை பார்க்கும் ரெண்டு பொண்ணுங்க போனா இன்னும் சந்தோஷம், வீட்டைச் சுத்தமா வெச்சுக்குவாங்கன்னு ஒரு நம்பிக்கை. ஒரு ஆணும் பெண்ணும் சேர்ந்து போனால்தான் அவர் கண் நேரா கழுத்துக்குப் போகும், தாலி இருக்கான்னு பார்க்க. பொன்னேரியிலிருந்து தேர்வாய் கண்டிகை வரைக்கும் ஷிப்ட் வேலைக்கு வந்தவர்கள் இப்படி அறையைப் பகிர்ந்துகொண்டுதான் வாழ்கிறார்கள். அவர்களில் சிலர் வெறும் ரூம்மேட் கிடையாது, ஜோடி. பத்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தாலும் யாரும் எதுவும் கேட்காமல் ஓடிவிடும்.

அவர்களுக்குச் சிக்கல் வருவது, யாராவது ஒரு ஃபார்மை நீட்டும்போதுதான்.

நமக்கும் அந்த ஃபார்ம் சீக்கிரமே வரும். வேலையில் சேரும் நாளில் ஹெச்ஆர் பிஎஃப் நாமினேஷன் கேட்பார். பெரும்பாலானோர் படிக்காமலே அப்பா, அம்மா பெயரைப் போட்டு முடித்துவிடுவார்கள். கொஞ்சம் நின்று படித்தால் விஷயம் புரியும். பிஎஃப் திட்டத்தின் விதிப்படி கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், உங்களை நம்பி வாழும் பெற்றோர் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அதுதான் 'குடும்பம்'. அப்படிக் குடும்பம் இருக்கும்போது வெளியாள் ஒருவரை நாமினியாகப் போட்டால் அது செல்லாது. குடும்பமே இல்லை என்றால்தான் யாரை வேண்டுமானாலும் போடலாம். ஊருக்கு மாசாமாசம் பணம் அனுப்புகிற பெண்ணுக்கு அந்தக் கதவும் மூடிவிடுகிறது. கூடவே வாழ்கிறவள் சட்டத்துக்கு வெளியாள். கிராஜுவிட்டியிலும் இதே கதை. இஎஸ்ஐ அட்டையிலும் அவளுக்கு இடமில்லை. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தை எடுத்துப் பார்த்தாலும் குடும்பத்துக்கு அதே பழைய விளக்கம்தான்.

"377 போயிடுச்சே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. 2018 செப்டம்பர் 6-ம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னது, வயது வந்த இருவர் மனமொத்துச் சேர்ந்திருப்பது குற்றமில்லை என்று மட்டும்தான். குற்றவாளி இல்லை என்பதால் ஒருவர் குடும்பமாகிவிட மாட்டார். அந்த அடுத்த படியைக் கேட்டுப் போனதுதான் சுப்ரியோ வழக்கு. 2023 அக்டோபர் 17-ம் தேதி வந்த தீர்ப்பில், திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை இல்லை என்று ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். தத்தெடுக்கும் உரிமையில் 3-2 என்று பிரிந்தார்கள். சந்திரசூட்டும் கவுலும் ஆதரவு, மற்ற மூவர் எதிர்ப்பு. 2025 ஜனவரியில் சீராய்வு மனுக்களும் தள்ளுபடி.

அந்த 3-2-ல் உண்மையில் மாட்டிக்கொண்டது குழந்தைகள். தத்தெடுப்பு விதிப்படி ஜோடியாக விண்ணப்பிக்க வேண்டுமானால் இரண்டு ஆண்டு நிலையான திருமண வாழ்க்கை இருக்க வேண்டும். ஆனால் தனியாக இருக்கும் பெண் ஆண் குழந்தையையோ பெண் குழந்தையையோ தத்தெடுக்கலாம். செயற்கைக் கருத்தரிப்புச் சட்டமும் தனியாக இருக்கும் பெண்ணை அனுமதிக்கிறது. அதனால் இரண்டு பெண்கள் சேர்ந்து வளர்க்கும் வீட்டில் சட்டப்படி ஒரு அம்மாதான் இருக்க முடியும். இன்னொருத்தி ராத்திரி முழுக்கக் காய்ச்சலுக்கு ஈரத்துணி போட்டாலும் ஸ்கூல் ஃபார்மில் அவளுக்குக் கட்டம் கிடையாது. சட்டப்படி அம்மாவானவள் நாளைக்கே பைக்கில் அடிபட்டு இறந்துபோனால்? பத்து வருஷமாக எட்டிப் பார்க்காத தாய்மாமன் வந்து குழந்தையைக் கேட்கலாம். வளர்த்தவள் காப்பாளர் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு திருவள்ளூர் மாவட்ட நீதிமன்றப் படியேறி, நான் யார் என்பதிலிருந்து நிரூபிக்க வேண்டும். அந்தச் சட்டம் 1890-ல் வந்தது. குழந்தையின் நலன் கெட்டுவிடும் என்று பேசுபவர்கள் இந்த இடத்தில் மட்டும் அமைதியாகிவிடுகிறார்கள்.

சரி, தமிழ்நாட்டில் ஒன்றுமே நடக்கவில்லையா என்றால், நிறைய நடந்திருக்கிறது. 2021-ல் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முதலில் தானே ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து விஷயத்தைப் புரிந்துகொண்டு பிறகு தீர்ப்பு எழுதினார். (நம்ம புரொஃபசர்களில் எத்தனை பேர் ஒரு டாபிக் தெரியாதுன்னு இப்படி ஒத்துக்குவாங்க?) 'மாற்று சிகிச்சை' என்ற பெயரில் நடக்கும் கொடுமைக்குத் தடை வந்தது. 2022-ல் போலீஸ் நடத்தை விதிகளில், பால்புதுமையரைத் துன்புறுத்தக் கூடாது என்று தனியாக ஒரு விதியைச் சேர்த்தார்கள்.

விதி வந்து மூன்று வருஷம் கழித்து வேலூர் மாவட்டத்து வழக்கு. 25 வயதுப் பெண் ஒருவரை அவர் குடும்பத்தோடு போகும்படி போலீஸே கட்டாயப்படுத்தியிருக்கிறது. அங்கே தன்னை அடித்ததாகவும், 'சரியாக்க' ஏதேதோ சடங்கு செய்ததாகவும் அவர் நீதிபதிகளிடம் சொன்னார். அவருடைய துணைதான் ஆட்கொணர்வு மனு போட்டார், மனுவில் 'நெருங்கிய தோழி' என்று மட்டும் எழுதி. 2025 மே 22-ம் தேதி நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதனும் லட்சுமிநாராயணனும் அந்தப் பெண்ணை அவர் விருப்பப்படி போக விட்டார்கள். திருமணம் ஒன்றுதான் குடும்பத்துக்கு வழி என்றில்லை, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பம் என்று ஒன்று உண்டு என்றும் எழுதினார்கள். அந்தத் தீர்ப்பையும் பிஎஃப் விதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இப்படிப்பட்ட ஒருத்திக்கு வேலையிலிருந்து வரும் பணம், பெற்றோர் அவளை நம்பி வாழ்பவர்கள் என்றால் அவர்களுக்குத்தான் போகும். ஹைகோர்ட் வரை வந்து மீட்டவளுக்கு ஒரு பைசா கிடையாது.

இந்த இடத்தில்தான் மாநில அரசு மேல் எனக்குக் கோபம். 2023 நவம்பரிலேயே ஆனந்த் வெங்கடேஷ் ஒரு யோசனை கொடுத்தார்: இருவர் தாங்கள் ஒரு குடும்பம் என்று பத்திரம் எழுதிப் பதிந்துகொள்ள ஒரு ஏற்பாடு, குடும்ப உறவுப் பத்திரம் என்று வைத்துக்கொள்வோம். கல்யாணம் என்ற வார்த்தையே அதில் தேவையில்லை. 2025-ல் திருநர்களுக்கான மாநிலக் கொள்கை வந்தது, நல்ல விஷயம். தன்பாலீர்ப்பு ஜோடிகளின் ஃபைல் மட்டும் நகர மாட்டேன் என்கிறது.

'மத்திய அரசு விஷயம், நாங்க என்ன செய்ய' என்ற பதிலை ஏற்க முடியாது. திருமணம், தத்தெடுப்பு, வாரிசுரிமை எல்லாமே பொதுப்பட்டியலில் இருப்பவை. இதே மாநிலம் இதே மாதிரி ஒன்றைச் செய்தும் காட்டியிருக்கிறது. ஐயரும் அக்னியும் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாது என்று 1950-களில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. மாலை மாற்றி, பிள்ளை பெற்று, பேரன் எடுத்தவர்கள்கூடச் சட்டத்தின் முன் தம்பதி இல்லை. 1967-ல் அண்ணா ஆட்சி இந்துத் திருமணச் சட்டத்துக்கு மாநிலத் திருத்தம் கொண்டுவந்து, அதற்கு முன்னால் நடந்த திருமணங்களையும் சேர்த்துச் செல்லுபடியாக்கியது. ஊரில் வாழ்ந்துகொண்டிருந்த குடும்பங்களைச் சட்டம் பின்னால் ஓடிவந்து பிடித்தது. அன்றைக்கும் கலாச்சாரம் கெட்டுவிடும் என்றுதான் சொன்னார்கள்.

ஒரு பத்திரம் எல்லாவற்றையும் தீர்க்காது. பிஎஃப்பும் இஎஸ்ஐயும் டெல்லியில் மாற வேண்டியவை. ஆனால் போலீஸ் ஸ்டேஷன், அரசு ஆஸ்பத்திரி, அரசுப் பள்ளி எல்லாம் மாநிலத்தின் கையில். 2024-ல் மத்திய அரசே, துணையோடு ஜாயிண்ட் அக்கவுண்ட் திறக்கத் தடையில்லை, ரேஷன் கார்டில் ஒரே குடும்பமாகக் கருதுங்கள் என்று சொல்லிவிட்டது. அந்த அறிவிப்பைத் தூக்கிக்கொண்டு பொன்னேரி தாலுகா ஆபீஸுக்குப் போனால் என்ன பதில் வரும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன். கையில் பதிந்த பத்திரம் ஒன்று இருந்தால் குறைந்தபட்சம் அங்கே பேச்சை ஆரம்பிக்கலாம்.

கம்பெனிகள் இதற்கெல்லாம் காத்திருக்கத் தேவையில்லை. குரூப் மெடிக்கல் இன்சூரன்ஸில் யாரைச் சேர்க்கலாம் என்பது பெரும்பாலும் அவர்களும் இன்சூரன்ஸ்காரர்களும் பேசி முடிவெடுப்பது. டாடா ஸ்டீல் 2019-லேயே ஊழியரின் தன்பால் துணைக்கும் சலுகைகளை நீட்டியது, ஆக்சிஸ் பேங்க் 2021-ல். பிரீ-பிளேஸ்மெண்ட் டாக் முடிந்ததும் "எனி கொஸ்டின்ஸ்?" என்று கேட்டுவிட்டு யாரும் கை தூக்காத நம்பிக்கையில் லேப்டாப்பை மூடுவார்கள் இல்லையா, அப்போது யாராவது ஒருத்தர் கேளுங்க: "சார், டிபெண்டண்ட் லிஸ்ட்டில் பார்ட்னர் பெயர் போடலாமா?" கேட்பவருக்கு அது தேவையாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. தேவைப்படுகிறவர் மூன்றாவது பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கலாம்.