காலைக் காற்று யாருக்குச் சொந்தம்?

பங்குனி கழிந்து சித்திரை பிறந்தால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஒரு கூட்டம் கிளம்பும். வசந்தத்தைத் தேடிக் காரில் போகிறவர்கள் அவர்கள். போகட்டும். நமக்கு அத்தனை நாள் லீவும் கிடையாது, காரும் கிடையாது. ஆனால் வசந்தம் நமக்கும் உண்டு. வேலைக்குப் போகிற வழியிலேயே அது நம்மை எதிர்கொண்டு நிற்கிறது. சைக்கிளில் போகிறவர் கண்ணுக்கு அது தப்பாது.

சூலூர்ப் பக்கமிருந்தோ இருகூர்ப் பக்கமிருந்தோ முதல் ஷிப்டுக்கு மிதித்து வரும் பஞ்சாலைத் தொழிலாளியைக் கேளுங்கள். கிழக்கு வெளுக்கிற நேரம். தூக்குப்போசி ஹாண்டில் பாரில் ஆடுகிறது. வேப்பம்பூ உதிர்ந்து பாதையெல்லாம் வெள்ளை. அந்த வாசனை ஒரு பர்லாங்குக்கு முன்பே வந்துவிடும். புங்க மரம் பழைய இலையைக் கொட்டிவிட்டுப் புதுத் தளிரில் பளபளக்கிறது. எங்கோ ஒரு குயில். பக்கத்தில் இன்னொரு தோழர் மிதித்து வருகிறார். பேச்சுத் துணைக்குப் பஞ்சமில்லை. மண்வெட்டியைச் சைக்கிள் பாரில் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்கு வேலைக்குப் போகும் விவசாயத் தொழிலாளிக்கும் இதே காற்று, இதே குயில். இதற்கு டிக்கெட் இல்லை, வாடகை இல்லை.

“மொபெட் வாங்க வழியில்லாதவன் சைக்கிள் மிதிக்கிறான், இதில் என்ன இன்பம்?” என்று சிலர் கேட்கக்கூடும். வறுமையைப் புகழ்ந்து பாட நாம் வரவில்லை. மோட்டார் வண்டி வாங்க முடிந்தவர் வாங்கட்டும். சித்திரை மாதத்து உச்சி வெயிலில், ஷிப்டு முடிந்த களைப்போடு எதிர்க்காற்றில் மிதிப்பது இன்பம் என்று சொன்னால் தொழிலாளி சிரிப்பார். நாம் சொல்வது அந்தக் காலை நேரத்தை. அந்த அரை மணி நேரத்தின் அருமை மில்லுக்குள் வேலை செய்தவருக்குத்தான் தெரியும்.

நூல் அறாமலிருக்க மில்லுக்குள் ஈரப்பதம் ஏற்றிச் சன்னலைச் சாத்தி வைப்பார்கள். உள்ளே இயந்திரங்களின் இரைச்சலில் பக்கத்து ஆள் பேசுவது கேட்காது. பறக்கும் பஞ்சுத் தூசி நெஞ்சில் போய் அடைகிறது. லீவு முடிந்து திரும்பும் முதல் நாளில் மார்பு இறுகும் நோயைப் பழைய தொழிலாளிகள் பலர் அறிவார்கள். எட்டு மணி நேரம் அந்தத் தூசியைச் சுவாசிக்கப் போகிறவர் அதற்கு முன் அரை மணி நேரம் நெஞ்சு நிறைய நல்ல காற்றை இழுத்துக்கொள்கிறார். அது ஆடம்பரமா? அது அவருக்கு உணவு மாதிரி.

கோவையில் முதல் பஞ்சாலை எழுந்தது 1888-ல். காற்றடைத்த டயருக்கு டன்லப் என்பவர் காப்புரிமை பெற்றதும் அதே 1888-ல்தான். அதற்கு முன் சைக்கிள் எலும்பை உலுக்கும் வண்டி; வசதியுள்ளவரின் விளையாட்டு. டயரில் காற்று ஏறியது, நாளடைவில் விலையும் இறங்கியது, சைக்கிள் உழைப்பாளியின் கைக்கு வந்தது. நடந்தால் மணிக்கு 5 கிலோமீட்டர் போகிறவர் அதே சிரமத்தில் 15 கிலோமீட்டர் போனார். மில் லைன் வீட்டை நம்பிக் கிடக்க வேண்டியதில்லை. தன் ஊரில், தன் ஜனங்களோடு குடியிருந்தபடியே வேலைக்கு வரலாம் என்றாயிற்று.

சைக்கிளில் வசந்தத்தைக் கொண்டாடுவது தொழிலாளி வர்க்கத்துக்குப் புதிதல்ல. 1894-ல் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்துச் சோஷலிஸ்டு இளைஞர்கள் ஒரு சைக்கிள் கழகம் தொடங்கினார்கள். தாங்கள் படித்த ‘கிளாரியன்’ வாரப் பத்திரிகையின் பெயரையே அதற்கு வைத்தார்கள். மறு வருஷம், அந்த நாட்டின் வசந்த காலமான ஈஸ்டர் விடுமுறையில், ஆஷ்போர்ன் என்ற ஊரில் ஒன்றுகூடினார்கள். புகை மண்டிய நகரத்தை விட்டு வயல்வெளிக்கு மிதித்துப் போனார்கள். போகிற வழியில் பத்திரிகையும் கொடுத்தார்கள். இன்பம் வேறு, இயக்கம் வேறு என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

நம் நாட்டில் இன்னும் பெரிய காரியம் நடந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. 1992 மார்ச்சு 8, மகளிர் தினத்தன்று 1,500-க்கும் அதிகமான பெண்கள் ஹாண்டில் பாரில் கொடி கட்டி ஊர்வலம் வந்தார்கள். விவசாயக் கூலிப் பெண்களும் கல் உடைக்கும் பெண்களும் சைக்கிள் ஏறினார்கள். பஸ்ஸுக்காகவும் ஆண் துணைக்காகவும் காத்து நின்ற காலம் அவர்களுக்கு முடிந்தது.

அந்தப் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படத்தை வைத்துப் பாருங்கள். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், கல்யாணச் செலவுக்கு மொத்தப் பணம் தருவதாகச் சொல்லி, ஏழைப் பெண்களை மில் விடுதிகளில் வருஷக்கணக்கில் வைத்தார்கள். விடுதியிலிருந்து மில், மில்லிலிருந்து விடுதி. இரண்டுக்கும் ஒரே மதில். வேப்பம்பூ வாசனை மதிலைத் தாண்டி வந்திருக்கலாம். அந்தப் பெண்ணால் தாண்டிப் போக முடியவில்லை. சொந்தச் சைக்கிளில் வருகிறவர் ஷிப்டு முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம், சங்கத்துக்கும் போகலாம். அது முதலாளிக்குத் தெரியும்.

மதில் கட்டாமலும் காலையைப் பறிக்கலாம். வேலை நேரத்தை நீட்டினால் போதும். 2023 ஏப்ரல் 21-ல், இதே சித்திரையில், தினம் 12 மணி நேரம் வேலை வாங்க வழிவிடும் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்து எழுந்தன. மூன்றே நாளில் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று வாபஸ் என்று அறிவிக்கப்பட்டது. 12 மணி நேரம் உழைத்தவருக்குக் குயில் கூவினால் என்ன, கூவாவிட்டால் என்ன? கண் எரிய, கால் கடுக்க, வீடு போய் விழுந்தால் போதும் என்றுதான் மிதிப்பார்.

சாலையும் நம் கையை விட்டுப் போகிறது. 2011 மக்கள் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 100 குடும்பங்களில் ஏறத்தாழ 45 குடும்பங்களுக்குச் சைக்கிள் இருந்தது. கார் வைத்திருந்தவை 5-க்கும் குறைவு. ஆனால் சாலை போடுவது யாருக்காக? அகலப்படுத்துகிறோம் என்று நிழல் மரங்களை வெட்டுகிறார்கள். சைக்கிளுக்கென்று நாலடி ஓரம் விட மனம் வருவதில்லை. லாரிக்கும் காருக்கும் நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறவர் பூவைப் பார்ப்பாரா, பின்னால் வரும் ஹாரனைக் கேட்பாரா?

ஆகவே, கூலிக்கும் பஞ்சப்படிக்கும் போனசுக்கும் குரல் கொடுக்கும்போது இவற்றையும் சேர்த்தே கேட்போம்: எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒரு நிமிஷமும் கூடாது; விடுதிக் கதவு திறந்திருக்க வேண்டும்; சாலையோரத்தில் மரமும் சைக்கிளுக்குத் தனி வழியும் வேண்டும். அதுவரை, இந்தச் சித்திரையை விட்டுவிடாதீர்கள். செயினுக்கு எண்ணெய் விடுங்கள், டயருக்குக் காற்றடியுங்கள், பத்து நிமிஷம் முன்னதாகவே கிளம்புங்கள். அந்தப் பத்து நிமிஷம் எந்த முதலாளியின் கணக்கிலும் சேராது.