கறுவா இல்லாத கறுவாக் கணவாய்



அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், மரமே வளராத உயரத்தில் உள்ள ஒரு கணவாய்க்குச் ‘சின்னமன்’ என்று பெயர். கறுவாதான்! ஆனால் ஒரு பட்டையைக்கூட அங்கே காணவில்லை. உயரம் 12,640 அடி, சுமார் 3,850 மீற்றர். எமது பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான்.

2019 ஜூலையில், டென்வரில் வசிக்கும் என் மச்சாளோடு அந்தப் பாதையில் போனேன். லேக் சிற்றி என்ற சிற்றூரிலிருந்து புறப்பட்டோம். பனி மூடிக்கிடக்கும் பாதையைக் கோடையில்தான் திறப்பார்கள். தார் கிடையாது, கல்லும் கிறவலும்தான். நான்கு சில்லும் இழுக்கும் ஜீப் வேண்டும். மத்தியானத்துக்குப் பிறகு இடிமின்னல் வரும் என்பதால் விடியவே வெளிக்கிட்டோம். மலையடியில் மச்சாள் ரயர்களின் காற்றைக் கொஞ்சம் இறக்கினார். காற்றுக் குறைந்த ரயர் கல்லை நன்றாகப் பிடிக்குமாம்.

உச்சியில் இறங்கிப் படம் எடுத்தோம். அங்கேதான் மச்சாளுக்குத் தலையிடி தொடங்கியது, பிறகு சத்தி. அந்த உயரத்தில் கிடைக்கும் ஒட்சிசன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட வராது. அதற்கு முதல் மருந்து கீழே இறங்குவதுதான்.

“நீர் வன்னியில பிக்கப் ஓடினனீர்தானே, எடும்” என்று திறப்பைத் தந்துவிட்டார்.

ஓடியது உண்மை. ஆனால் வன்னியில் பள்ளம் என்றால் முழங்கால் ஆழம். இங்கே விளிம்பால் எட்டிப் பார்த்தால் அடியே தெரியவில்லை. ஸ்ரியரிங் வேறு இடப்பக்கம். பிரேக்கில் வைத்த காலை எடுக்காமலே இறங்கப் பார்த்தேன். மச்சாள் கண்ணை மூடியபடி சொன்னார்:

“மிதிச்சுக்கொண்டே இருக்காதையும். சூடேறினால் பிரேக் பிடிக்காது. லோ கியரில விடும், எஞ்சினே பிடிச்சுக்கொள்ளும்.”

விட்டேன். ஜீப் உறுமிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில் இறங்கியது.

ஒரு வளைவில் எதிரே இன்னொரு ஜீப் ஏறி வந்தது. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதலிடம். நடுவில் நின்றுவிட்டால் அது மறுபடி இழுத்து ஏறுவது கஷ்டம். ஆகவே நான்தான் பின்னுக்கு எடுக்க வேண்டும். அகலமான இடம்வரை அங்குலம் அங்குலமாக எடுத்தேன். அவர்கள் கை காட்டிவிட்டுப் போனார்கள். எனக்குக் கை காட்டவும் பயம்.

கீழே அனிமாஸ் ஃபோர்க்ஸ். 1870களில் வெள்ளி தோண்ட வந்தவர்கள் கட்டிய ஊர், இப்போது ஆளில்லை. 1879இல் கட்டிய ஒரு மாடிவீடு இன்னும் நிற்கிறது. வெறும் அறைகளுக்குள் நின்றபோது, எங்கள் பக்கத்து வெறுமையான வீடுகள் நினைவுக்கு வந்து தொண்டை அடைத்தது. பிறகு யோசித்தேன்: இவர்கள் வருமானம் முடிந்ததால் தாங்களாகப் போனவர்கள். இவர்களுக்கு முன் இங்கே வாழ்ந்த யூட் மக்களிடமிருந்து 1873இல் ஓர் ஒப்பந்தத்தின் பெயரால் இந்த மலைகள் வாங்கப்பட்டன. அவர்களுடையது தோல் கூடாரம். பார்ப்பதற்கென்று ஒரு சுவர்கூட மிஞ்சவில்லை.

மச்சாளுக்குத் தலையிடி சற்றுக் குறைந்திருந்தது. “இனி நான் ஓடுறன், திறப்பைத் தாரும்” என்றார்.

“நீர் படும்” என்று சொல்லிவிட்டு, சில்வர்ற்றன்வரை நானே ஓடினேன்.