எந்திரி

"ஸ்காலர்ஷிப் பசங்கல்லாம் எந்திரி."

இந்த ஒரு வரியைக் கேட்காமல் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? வாத்தியார் கையில் ஒரு ஃபாரம் இருக்கும். வகுப்பில் அறுபது பேர். எந்திரிப்பது பதினோரு பேர். உட்கார்ந்திருக்கிற நாற்பத்தொன்பது தலையும் திரும்பும். அதுவரை தோள்மேல் கிடந்த சிநேகிதன் கை மெதுவாக இறங்கும். மொத்தம் ஐந்து நிமிஷந்தான். கையெழுத்து வாங்கிக்கொண்டு உட்காரச் சொல்லிவிடுவார். ஆனால் எந்திரிச்சு நின்றவன் அதற்கப்புறம் அந்த வகுப்பில் முன்னமாதிரி உட்காரவேயில்லை.

அதே வாத்தியார்தான் ஹால் டிக்கெட் கொடுக்கிற நாளில் வாழ்க்கைக்கு அறிவுரை சொல்கிறார். வகுப்புக்குப் பொதுவாகச் சொல்வது நமக்கு மனப்பாடம்: கனவு காண், உழை, பெற்றோரை மறவாதே. நம்ம பிள்ளைகளைத் தனியே கூப்பிட்டுச் சொல்வது வேறு. 'ஃபர்ஸ்ட் குரூப்லாம் உனக்கு எதுக்குப்பா, ஐ.டி.ஐ.யில ஃபிட்டர் சேர்ந்துடு.' 'உங்களுக்கென்ன, பாஸ் பண்ணாலே வேலை.' 'அவனுங்க வம்புக்குப் போகாத, ஒதுங்கிப் போ.' இதெல்லாம் மோசமானவர்கள் சொல்வது, அடையாளம் தெரிந்துவிடும். நல்லவர்கள் சொல்கிற ஒன்று இருக்கிறது. அதுதான் ஆபத்து: 'நீ நல்லாப் படிச்சு மேல வந்துட்டா யாரும் உன்னைச் சாதி கேக்க மாட்டாங்க.'

பட்டம் வாங்கி, போட்டித் தேர்வு எழுதி, வங்கியில் குமாஸ்தாவாகி, ஏ.சி.க்குக் கீழே உட்கார்ந்த முதல் வாரமே என்னைக் கேட்டார்கள். நேராகக் கேட்கவில்லை. 'ஊரு எது சார்? ஊர்ல எந்தத் தெரு?' என்றுதான் கேட்டார்கள். படிப்பு ஏற ஏற, கேட்கிற விதம் நாசூக்காகிறது. அவ்வளவே.

பிள்ளைகள் இந்த அறிவுரையை யாரும் சொல்லாமலேயே கற்றுக்கொள்கிறார்கள் என்பதற்கு நூற்றைம்பது வருஷத்துச் சாட்சி இருக்கிறது. இரட்டைமலை சீனிவாசன் தன் வாழ்க்கையை 1939-இல் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்று சிறு நூலாக எழுதினார். கோயம்புத்தூரில் அவர் படித்த பள்ளியில் ஏறக்குறைய 400 மாணவர்கள். பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். தன் சாதியும் குடியிருக்கும் இடமும் தெரிந்துவிட்டால் தாழ்வாக நடத்துவார்களே என்று பயந்து, அந்தப் பையன் யாரோடும் விளையாடப் போகவில்லை. பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகுதான் உள்ளே போவான். விட்டதும் யாரும் எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில் வீட்டுக்கு நடப்பான். மணியடிக்கும் வரை வெளியே காத்திருக்கிற பையனை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சிலர் அவனாக இருந்தும் இருக்கிறோம்.

ஒளிந்து நடந்த அந்தப் பையன்தான் 1893-இல் பத்திரிகை ஆரம்பித்து, எதைச் சொல்லி அவமதிப்பார்களோ அந்தப் பெயரையே, 'பறையன்' என்று, அதன் தலையில் அச்சிட்டார். ஏழு வருஷம் நடத்தினார். கோயம்புத்தூர்ப் பள்ளி வாசலுக்கும் அந்த அச்சுக்கூடத்துக்கும் நடுவில் அவருக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய பாடம். 'ஒதுங்கிப் போ' என்ற அறிவுரை அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்காது.

இப்போது நாங்குநேரிக்கு வருவோம். 2023 ஆகஸ்ட். பிளஸ் டூ படித்த நம்ம பையன், கூடப் படித்தவர்கள் செய்த கொடுமை தாங்காமல் பள்ளிக்குப் போகாமல் நின்றான். ஏன் வரவில்லை என்று விசாரித்தபோது நடந்ததைச் சொன்னான். சொன்னதற்காக ராத்திரி வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அடுத்த வருஷம் அவன் 600-க்கு 469 மதிப்பெண் எடுத்தபோது, 'படிப்பால் பதில் சொன்னான்' என்று பத்திரிகைகள் கொண்டாடின. நாமும் கொண்டாடினோம். நமக்குச் சந்தோஷந்தான். ஆனால் வெட்டுப்பட்டவன்தான் பதிலும் சொல்ல வேண்டுமா? வெட்டிய பிள்ளைகளுக்கு அரிவாளுக்கு முன்னால் பத்து வருஷம் யார் என்ன அறிவுரை சொன்னார்கள் என்று எந்தப் பத்திரிகை விசாரித்தது?

'எதுவா இருந்தாலும் தைரியமாச் சொல்லு' என்பது நல்ல அறிவுரை. நாமும் மேடைக்கு மேடை அதைத்தான் சொல்கிறோம். நாங்குநேரி நமக்குக் காட்டியது, சொன்ன பிறகு அந்தப் பையனுக்கும் அரிவாளுக்கும் நடுவில் நிற்க ஆளில்லை என்பதை. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் பரீட்சை எழுதப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்புப் பையனின் விரல்களை வெட்டினார்கள். அவனிடம் போய் என்ன அறிவுரை சொல்வது? நன்றாகப் படி என்றா? அவன் படிக்கத்தானே போனான்.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டுகிற வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது என்றது. உதவித்தொகை விஷயத்தை வகுப்பில் வைத்துப் பேசாமல், தலைமையாசிரியர் மாணவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 'எந்திரி' என்ற அந்தக் குரலை ஒரு நீதிபதி காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். வரவேற்கிறோம். பதினான்கு வயசுப் பிள்ளையை நாற்பத்தொன்பது பேருக்கு முன்னால் நிறுத்தக் கூடாதுதான்.

ஆனாலும் எனக்கு ஒரு உறுத்தல். அறைக்குள் கூப்பிட்டுக் காதோடு சொன்னால், அந்தப் பணம் ஒரு ரகசியமாகிவிடாதா? ரகசியமென்றால் அதில் ஏதோ வெட்கம் இருக்கிறது என்றுதானே பிள்ளை நினைக்கும்? பிள்ளையின் பெயரை மறைக்கலாம், சரி. அந்தப் பணம் ஏன் வருகிறது என்ற வரலாற்றையும் சேர்த்து மறைத்துவிட்டால்? நிற்கிற பதினோரு பேருக்கும் தெரியாது, உட்கார்ந்திருக்கிற நாற்பத்தொன்பது பேருக்கும் தெரியாது. 'கவர்மென்ட் இவனுங்களுக்குச் சும்மா குடுக்குது' என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

இந்த உறுத்தலைக் கிளப்பியது ஒரு தமிழம்மா. ஆதிதிராவிடர் நலப் பள்ளி ஆசிரியை. போன வருஷம் ஒரு சனிக்கிழமை, பிளஸ் ஒன் படிக்கிற ஐந்து பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் கிளைக்கு வந்தார். வரிசையில் அவரும் நின்றார். முதல் பெண் கவுண்டரில் வந்து குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஸ்காலர்ஷிப் வந்திருக்கா சார்?" என்றாள். நானும் குரலைத் தாழ்த்தி, "இன்னும் வரலம்மா" என்றேன். இரக்கந்தான். பின்னால் நாலு பேர் நிற்கிறார்களே, அவளுக்குச் சங்கடமாக இருக்குமே என்று நினைத்தேன். எனக்குச் சங்கடமாக இருந்தது என்பதை அப்புறந்தான் யோசித்தேன்.

பின்னாலிருந்து தமிழம்மா குரல் வந்தது: "சத்தமாக் கேளு புள்ள. யாரு வீட்டுப் பணம்? உங்க பாட்டி நாத்து நட்ட கூலி பாக்கி. பாக்கி கேக்கிறவ ஏன் குனியணும்?"

கிளையே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் நிமிர்ந்து மறுபடி கேட்டாள். இந்தத் தடவை நான் கம்ப்யூட்டரைச் சரியாகப் பார்த்தேன். விஷயம் சின்னது. அவள் ஆதார் வேறொரு வங்கியில் முன்பு திறந்த கணக்கோடு இணைந்திருந்தது. இந்தப் பணமெல்லாம் ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறதோ அங்கேதான் போய் விழும். அந்தக் கணக்கு முடங்கிக் கிடந்தால் பணம் திரும்பிவிடும். பிள்ளை ஒவ்வொரு மாசமும் வந்து காதோடு கேட்டு, காதோடு பதில் வாங்கிக்கொண்டு போகும். மூன்றாவது மாசம் வருவதை நிறுத்திவிடும். கல்லூரியில் கட்டணம் கட்டு என்பார்கள். படிப்பு நின்றுபோகும். அரிவாள் வேண்டியதில்லை, இதுவே போதும்.

வேலை முடிந்து வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் அந்த அம்மா பிள்ளைகளிடம் பேசிக்கொண்டிருந்தார். கனவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எந்த ஆபீசில் எதைக் கேட்டாலும் எழுத்தில் கேள், ஒரு நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள் என்றார். ஒத்தையாகப் போகாதே, இரண்டு பேராகப் போ. நாலு பேர் பார்க்கச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால், 1989-ஆம் வருஷச் சட்டப்படி அது குற்றம். என்ன சொன்னான், யார் இருந்தார்கள், மணி என்ன என்று அன்றைக்கே நோட்டில் எழுது. "எழுதிட்டு எனக்குப் போன் பண்ணு. நான் வர்றேன்" என்றார். இந்தக் கடைசி வார்த்தையைச் சொல்கிற ஆசிரியர் எத்தனை பேர்?

ஆசிரியர்களை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் நழுவ முடியாது. ஏப்ரல் 14 அன்று சேரிக்குச் சேரி மைக் கட்டி, பிள்ளைகளை வெயிலில் உட்கார வைத்து, இரண்டு நோட்டும் ஒரு பேனாவும் கொடுத்து, ஒரு மணி நேரம் அறிவுரை சொல்கிறோமே, அதில் என்ன இருக்கிறது? 'அண்ணல் மாதிரிப் படி, கலெக்டராகு.' அவ்வளவுதானே? சுவரில் 'கற்பி' என்று பெரிதாக எழுதுகிறோம். வாசிக்கும்போது 'படி' என்று வாசித்துக்கொள்கிறோம். கற்பி என்றால் கற்றுக்கொடு என்று அர்த்தம். அந்தக் கட்டளை வெயிலில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு இல்லை; மைக்கைப் பிடித்திருக்கிற நமக்கு. கலெக்டராகாத பிள்ளைகள்தான் அதிகம் இருக்கப்போகிறார்கள். பெயிலாகிற பையனுக்கும், ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கப் போகிற பெண்ணுக்கும் நம்மிடம் சொல்ல என்ன இருக்கிறது? நன்றாகப் படித்தவனுக்குத்தான் மரியாதை என்று நாமே சொன்னால், வாத்தியாருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

மாலை நேரப் பள்ளி நடத்துகிற தோழர்களுக்கும், கல்லூரி விடுதிகளில் இருக்கிற தம்பி தங்கைகளுக்கும் ஒரு வேலை சொல்கிறேன். ஜூனில் பள்ளி திறக்கும். அதற்குள் உங்கள் தெருவில் பிளஸ் ஒன்னும் அதற்கு மேலும் படிக்கிற பிள்ளைகளின் பட்டியலை எடுங்கள். பெற்றோர் வருமானம் வருஷத்துக்கு இரண்டரை லட்சத்துக்குள் என்று சான்றிதழ் வேண்டும். சாதிச் சான்றிதழ் வேண்டும். கணக்கு உயிரோடு இருக்க வேண்டும். ஆதார் அதோடு இணைந்திருக்க வேண்டும். பிள்ளையைத் தனியாக அனுப்பாதீர்கள். ஒருத்தர் கூட வாங்க. பாஸ்புக், ஆதார் அசல், நகல், ஓ.டி.பி. வருகிற செல்போன் எல்லாம் கையில் இருக்கட்டும். கவுண்டரில் இருப்பவர் குரலைத் தாழ்த்திப் பேசினால், என்னைப் போல ஒருத்தராக இருக்கலாம். சத்தமாகக் கேளுங்கள். கவுண்டர் காலை பத்து மணிக்குத் திறக்கும்.